காணாமலிருக்கக் கற்ற கண்

சென்ற ஆண்டு போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டு கடையைவிட்டு வெளியே வந்தேன். சித்திரை வெயில். திரையில் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. ஆட்டோ பிரைட்னஸ் போட்டுத்தான் இருந்தது. ஆனால் போன், தான் ஏதோ நள்ளிரவில் போர்வைக்குள் கிடப்பதாக நினைத்துக்கொண்டு திரையை மங்கலாக்கி வைத்திருந்தது. திரும்பிப் போனேன். கடைத் தம்பி நகத்தால் கண்ணாடியை நெம்பி எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "சென்சார மறைச்சிடுச்சு சார், வேற போட்டுர்றேன்" என்றார். கண்ணாடியின் மேல்விளிம்பில் அச்சிட்ட கறுப்புப் பட்டை ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகக் கீழே இறங்கியிருந்தது. அந்த ஒரு மில்லிமீட்டருக்குப் பின்னால் போனுக்கு இன்னொரு கண் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன்.

இந்தக் கண் படம் எடுக்காது. முகம் அறியாது, உருவம் அறியாது. இப்போது இங்கே எவ்வளவு வெளிச்சம் என்ற ஒரே கேள்விக்கு, லக்ஸ் கணக்கில் ஒரே ஒரு எண்ணைப் பதிலாகச் சொல்லும். கடையில் விற்கும் ஒளியுணரிச் சில்லு ஒன்றின் நீள அகலம் இரண்டு மில்லிமீட்டர்தான். கனம் முக்கால் மில்லிமீட்டரையும் தொடாது. பொடிக் கற்கண்டைத் தட்டையாக்கினால் இப்படித்தான் இருக்கும். இதன் வம்சக் கதையைத் தேடிப் போனால் நூற்றைம்பது ஆண்டு பின்னால் இழுக்கிறது. அதில் பாதி, ஜடப்பொருள் ஒன்று ஒளியைப் பார்க்கக் கற்ற கதை. மறுபாதிதான் எனக்கு வேடிக்கையாகப் பட்டது: அளவுக்கு மீறிப் பார்த்த பொருளுக்கு, பார்க்காமலிருக்கச் சொல்லிக்கொடுத்த கதை.

பூர்வீகம் கடலடித் தந்திக் கம்பி. கண்டத்துக்குக் கண்டம் கம்பி இறக்கிக்கொண்டிருந்த 1870கள். கப்பல் கம்பியை விட்டுக்கொண்டே போகும்போது, எங்கேனும் பழுது உண்டா என்று கரையிலிருந்து ஓயாமல் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைக்கு மிக அதிக மின்தடை கொண்ட பொருள் ஒன்று தேவைப்பட்டது. வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் செலீனியத்தைத் தேர்ந்தெடுத்தார். ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் நீளக் குச்சிகள். இரு முனையிலும் பிளாட்டினக் கம்பி. கண்ணாடிக் குழாய்க்குள் அடைப்பு. கணக்குப்படி எல்லாம் சரி. ஆனால் அளந்தவர்கள் ஆளுக்கொரு எண் சொன்னார்கள். ஒரே குச்சி ஒரு நேரம் மின்சாரத்தை இறுக்கிப் பிடித்தது, இன்னொரு நேரம் தாராளமாக விட்டது.

காரணத்தைப் பிடித்தவர் ஸ்மித்தின் உதவியாளர் ஜோசப் மே. குச்சிகள் இருந்த பெட்டியின் மூடிதான் காரணம். மூடினால் தடை உச்சத்துக்குப் போனது. திறந்து வெளிச்சம் பட்டால் இறங்கியது. 1873 பிப்ரவரியில் ஸ்மித் வெளியிட்ட குறிப்பில் ஓர் இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். சில அடி தள்ளி எரிகிற சாதாரண கேஸ் விளக்கின் முன்னால் கையைக் கொண்டுபோய் வெளிச்சத்தை மறைத்தாலே போதும், குச்சியின் தடை நூற்றுக்குப் பதினைந்து இருபது ஏறிவிடுகிறது என்கிறார். போனின் நெற்றியில் கட்டைவிரலை வைத்தால் திரை மங்குகிறதே, அதே சங்கதி. கை விழுத்திய நிழலை ஒரு பொருள் மின்சாரத்தின் மூலம் அறிந்து சொல்லிவிட்டது.

செலீனியத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் சுவீடனின் வேதியியலாளர் பெர்சீலியஸ். கிரேக்க மொழியில் நிலாவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. வெளிச்சத்தோடு அதற்கு இப்படி ஓர் உறவு இருப்பது தெரியாமலே பெயர் பொருந்திவிட்டது. ஸ்மித்துக்குப் பிறகு ஆளாளுக்குச் செலீனியத்தைக் கையில் எடுத்தார்கள். 1876இல் வில்லியம் சீமன்ஸ் லண்டனில் ஒரு சொற்பொழிவில் செலீனியத்தால் செய்த செயற்கைக் கண் ஒன்றைக் காட்டினார். அதற்குத் திறந்து மூட இமைகள்கூட உண்டு. அதே ஆண்டு ஆடம்ஸ், டே இருவரும் பேட்டரியே இல்லாமல் வெளிச்சம் பட்டதும் செலீனியம் தானாக மின்சாரம் தருவதைக் கண்டார்கள். 1880இல் கிரஹாம் பெல் ஒளிக்கற்றை வழியே பேச்சை அனுப்பிய கருவியில் காதாக இருந்ததும் செலீனியம்தான்.

பிழைப்புக்கு வழி கிடைத்தது புகைப்படக்காரர்களிடம். 1932இல் வெஸ்டன் நிறுவனம் செலீனியம் வைத்த வெளிச்சமானியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பேட்டரி கிடையாது, வெளிச்சமே முள்ளை நகர்த்தும். கண்ணால் குத்துமதிப்பாகப் பார்த்து, அனுபவத்தை நம்பிப் படம் எடுத்தவர்கள் கையில் முதல்முறையாக ஓர் எண் வந்தது. குறை ஒன்றுதான், அரையிருட்டில் முள் அசையாது.

அந்த இடத்துக்கு வந்தது காட்மியம் சல்ஃபைடு. அரையிருட்டிலும் நன்றாக வேலை செய்யும், மலிவு, முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும். 1964இல் வந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் கேமராவில் லென்ஸ் வழியே வந்த வெளிச்சத்தை அளந்தது இதுதான். பொழுது சாய்ந்ததும் தானாக எரியும் தெருவிளக்குகளின் தலையிலும் இதுதான் உட்கார்ந்திருந்தது. நம் ஊரில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு இதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் எல்டிஆர்; வட்டத் தலை, அதன்மேல் பாம்பு ஊர்ந்தாற்போல் வளைந்து வளைந்து போகும் செம்பழுப்புக் கோடு. 'தானியங்கித் தெருவிளக்கு' என்று புராஜெக்ட் செய்யாத பொறியியல் கல்லூரி தமிழ்நாட்டில் இருந்தால் அது நேற்றுத் திறந்த கல்லூரியாக இருக்க வேண்டும்.

செலீனியத்துக்கும் காட்மியம் சல்ஃபைடுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. நம் கண் எந்த நிறங்களில் கூர்மையோ, ஏறத்தாழ அந்த நிறங்களில்தான் இவையும் கூர்மை. பச்சையை ஒட்டிய இடத்தில் உச்சம்; சிவப்பைத் தாண்டியதும் கிட்டத்தட்டக் குருடு. யாரும் திட்டமிட்டு இப்படி வடிவமைக்கவில்லை. அந்தப் பொருள்களின் அணுக்கட்டமைப்பு அப்படி அமைந்துவிட்டது. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு மாமியார் சமையல் முதல் நாளே பிடித்துப்போனது மாதிரி.

சரி, 'நம் கண்' என்கிறோமே, யார் கண்?

இந்தக் கேள்விக்கு அதிகாரபூர்வமான பதில் உண்டு, தேதியோடு. 1924இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் ஒரு வளைகோட்டை ஏற்றுக்கொண்டது. ஒளியின் ஒவ்வோர் அலைநீளத்துக்கும் கண் எவ்வளவு மதிப்பெண் தரும் என்று சொல்கிற கோடு. 555 நானோமீட்டரில், அதாவது இளந்தளிரின் மஞ்சள்பச்சையில், முழு மதிப்பெண். அங்கிருந்து இரு பக்கமும் மலைச்சரிவுபோல் இறங்கும். 510லும் 610லும் பாதி. 450இல், கண்ணைப் பறிக்கும் நீலத்தில், நூற்றுக்கு நான்குகூட இல்லை. ஒரே அளவு ஆற்றலை நீலமாகக் கொட்டினாலும் பச்சையாகக் கொட்டினாலும் கண் சொல்லும் வெளிச்சக் கணக்கு இருபத்தைந்து மடங்கு வேறுபடும். லக்ஸ், லூமன் என்று பல்பு அட்டையில் அச்சிடுகிறார்களே, அத்தனைக்கும் அடியில் இருப்பது இந்தக் கோடு.

இதை எப்படி வரைந்தார்கள்? மனிதர்களை இருட்டறையில் உட்காரவைத்துத்தான். அதற்கு முன்பு, ஒளியளவியல் என்றாலே கண்தான் கருவி. திமிங்கிலக் கொழுப்பு மெழுகுவத்தி ஒன்றை ஒரு பக்கம் ஏற்றி, மறுபக்கம் கேஸ் விளக்கை வைத்து, இரண்டும் சமமாகத் தெரிகிற தூரத்தை அளந்து, இந்த விளக்குக்கு இத்தனை மெழுகுவத்திப் பலம் என்று இங்கிலாந்தில் சட்டப்படியே அளந்திருக்கிறார்கள். நிறம் ஒன்றானால் சமம் பார்ப்பது எளிது. சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் வைத்து எது அதிக வெளிச்சம் என்று கேட்டால்? மாம்பழம் இனிப்பா, மல்லிகை மணமா என்று கேட்பது போல். இரண்டு நிறங்களையும் மாற்றி மாற்றி வேகமாகக் காட்டி, படபடப்பு அடங்கும் புள்ளியில் இரண்டும் சமம் என்று எடுத்துக்கொள்வது ஒரு வழி. நிறத்தைச் சிறுசிறு படிகளாக நகர்த்தி, அடுத்தடுத்த படிகளை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டே போவது இன்னொரு வழி.

வாஷிங்டனில் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் கோப்ளன்ட்ஸும் எமர்சனும் முதல் வழியில் 125 பேரைச் சோதித்தார்கள். அதே நிறுவனத்தில் கிப்சனும் டிண்டாலும் இரண்டாம் வழியில் 52 பேரைச் சோதித்து 1923இல் வெளியிட்டார்கள். இவற்றையும் இன்னும் சிலவற்றையும் சேர்த்து, முரண்பட்ட இடங்களைச் சமரசம் செய்து, வழவழப்பாக்கிய கோடுதான் 1924இன் கோடு. சில நூறு அமெரிக்கர்கள் பார்த்துச் சொன்னது, உலகத்துக்கே 'சராசரிக் கண்' ஆகிவிட்டது. அப்படி ஒரு கண் யாருக்கும் கிடையாது. எனக்கு வயதாக ஆக விழிலென்ஸ் மஞ்சள் பாரித்து நீலத்தை விழுங்கும். என் பேத்திக்கு அப்படியில்லை. கோட்டின் நீல ஓரம் நிஜத்தைவிடத் தாழ்வாக இருக்கிறது என்று ஜட் என்பவர் 1951இலேயே திருத்திக் காட்டினார். ஆனாலும் உலகத்து மீட்டர்கள் எல்லாம் பழைய கோட்டுக்கு ஏற்பச் செய்தாகிவிட்டதால் கோடு அப்படியே நின்றுவிட்டது. ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருமுறை போட்ட எல்லைக்கல் மாதிரி, கொஞ்சம் கோணல்தான், ஆனால் எல்லோரும் அதை வைத்துத்தான் வேலி கட்டியிருக்கிறார்கள்.

இனி நம் கதாநாயகன் வருகிறான். சிலிக்கன்.

1940இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல் என்பவரின் மேசையில் விரிசல் விட்ட ஒரு சிலிக்கன் துண்டு இருந்தது. அதில் விளக்கு வெளிச்சம் பட்டதும் எதிர்பாராத அளவுக்கு மின்சாரம் பாய்ந்தது. விரிசல் மாதிரி தெரிந்த அந்த இடத்தில்தான் இருவகைச் சிலிக்கன் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன என்று பிறகு புரிந்தது. சூரியத் தகடு, ஒளி டையோடு எல்லாவற்றுக்கும் மூதாதை அந்தத் துண்டு. சிலிக்கன் செலீனியத்தைவிட வேகம். காட்மியம் சல்ஃபைடின் ஞாபகக் கோளாறு இதற்குக் கிடையாது. (எல்டிஆர் கொஞ்ச நேரம் வெயிலில் இருந்துவிட்டு இருட்டுக்கு வந்தால் சற்று நேரம் வெயிலையே நினைத்துக்கொண்டிருக்கும்.) அளவெடுக்கும் சுற்றையும் உணரியையும் ஒரே சில்லில் அச்சிட்டுவிடலாம். காட்மியத்துக்கு வேறொரு கண்டமும் வந்தது: 2006 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நச்சுப்பொருள் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தபோது, ஈயத்துக்கும் பாதரசத்துக்கும் ஆயிரத்தில் ஒரு பங்குவரை விட்டவர்கள், காட்மியத்துக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். பெரிய நிறுவனங்களின் கருவிகளுக்குள் இனி எல்டிஆர் நுழைவது கடினம்.

ஆக எல்லாத் தகுதியும் சிலிக்கனுக்கு இருந்தது. ஒன்றைத் தவிர. அது பார்ப்பது நாம் பார்ப்பதை அல்ல.

டிவி ரிமோட்டை எடுத்து, போனின் முன்கேமராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்திப் பாருங்கள். ரிமோட்டின் மூக்கில் ஊதா நிறத்தில் மினுக்கென்று ஒளிரும். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ரிமோட் விடுவது 940 நானோமீட்டர் வாக்கிலான அகச்சிவப்பு. நமக்குக் காட்சி 780க்குள் முடிந்துபோகிறது. சிலிக்கனுக்கோ 1100 வரை பார்வை. அதன் உச்சக் கூர்மையே 900ஐ ஒட்டித்தான். நாம் முழுக்குருடாகும் இடத்தில் அது கண்ணை நன்றாகத் திறக்கிறது.

இதனால் என்ன குடி முழுகிவிட்டது? ஒரு குண்டு பல்பையும் ஒரு டியூப் லைட்டையும் எடுத்துக்கொள்வோம். மேசையில் இரண்டும் ஒரே அளவு வெளிச்சம் தருமாறு வைத்தாயிற்று. நம் கண்ணுக்கு வித்தியாசமில்லை. ஆனால் குண்டு பல்பு செலவழிக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாவதில்லை. பெரும்பகுதி அகச்சிவப்பாகத்தான் வெளியேறுகிறது. டியூப் லைட்டில் அகச்சிவப்பு சொற்பம். வெறும் சிலிக்கனை மேசையில் வைத்தால், குண்டு பல்பின் அடியில் அது 'கண் கூசுகிறது' என்று அலறும். டியூப் லைட்டின் அடியில் 'பரவாயில்லை' என்னும். இரண்டுக்கும் நடுவே பல மடங்கு வித்தியாசம். அந்தப் பேச்சை நம்பித் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தால், உணவகத்தில் மஞ்சள் விளக்கின் கீழ் உட்கார்ந்தவர் முகத்தில் திரை டார்ச் அடிக்கும்.

ஆக, பழைய பொருள்களுக்குப் பிறவியிலேயே இருந்த குணத்தைப் புதிய பொருளுக்குப் பாடுபட்டுப் புகட்ட வேண்டி வந்தது. அதிகம் பார்க்கிறவனைக் குறைவாகப் பார்க்கவைக்கும் வேலை.

முதல் வழி கழித்தல். சிலிக்கனுக்குள் நீலம் மேல்தோலிலேயே கரைந்துவிடும். பச்சை ஒன்றிரண்டு மைக்ரான் போகும். 900 நானோமீட்டர் அகச்சிவப்போ முப்பது மைக்ரான் அளவுக்கு ஆழம் இறங்கும். இந்த ஆழ வித்தியாசத்தையும் மேலே பூசும் வடிகட்டியையும் வைத்து, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டையோடுகள் செய்யலாம்: ஒன்று எல்லாவற்றையும் பார்க்கும், மற்றது அகச்சிவப்பை மட்டும் பார்க்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிஞ்சுவது நம் வெளிச்சம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸிலிருந்து 1998இல் பிரிந்து தனிக்குடித்தனம் போன டாவோஸ் என்ற நிறுவனத்தின் டிஎஸ்எல்2561 இந்த வகையில் பேர்போனது. பொழுதுபோக்காக எலெக்ட்ரானிக்ஸ் செய்கிறவர்கள் பலரின் மேசையிலும் அது கிடக்கும்.

அதன் கையேட்டில் லக்ஸ் கணக்கிடும் சூத்திரத்தைப் பார்த்தால் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்து வரும். வெறும் கழித்தல் போதவில்லை அவர்களுக்கு. இரண்டு டையோடுகளின் விகிதம் பாதிக்குள் இருந்தால் ஒரு சூத்திரம், அதில் 1.4 என்று ஓர் அடுக்குக்குறி வேறு, பாதியைத் தாண்டினால் இன்னொன்று, பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. விகிதம் 1.30ஐத் தாண்டினால் விடை சுழி, அதாவது 'இது எந்த விளக்கு என்றே எனக்குப் புரியவில்லை, விட்டுவிடு'. இயற்பியல் நியமத்திலிருந்து வந்த சூத்திரம் அல்ல இது. ஒவ்வொரு விளக்கின் கீழும் சில்லை வைத்து, உண்மையான லக்ஸ் மீட்டரோடு ஒப்பிட்டு, துண்டு துண்டாக ஒட்டுப்போட்டுத் தைத்தது. சராசரிக் கண்ணுக்குத் தைத்த சட்டை, தையல் வெளியே தெரிகிறது.

இரண்டாம் வழி, கண்ணாடி போட்டுவிடுவது. சிலிக்கன் தகட்டின் மேலேயே டைட்டானியம் ஆக்சைடும் சிலிக்கன் ஆக்சைடும் மாற்றி மாற்றிப் படலம் படலமாகப் படியவைக்கிறார்கள். ஒவ்வொரு படலமும் நூறு, நூற்றைம்பது நானோமீட்டர் கனம். மழை நாளில் பெட்ரோல் பங்கில் தேங்கிய நீரில் எண்ணெய்ப் படலம் வானவில் காட்டுமே, அதே தத்துவம். அங்கே தற்செயல், இங்கே கணக்கு. அகச்சிவப்பு ஒவ்வொரு படலத்திலும் கொஞ்சம் கொஞ்சம் திரும்பி, திரும்பிய அலைகளெல்லாம் கைகோத்து வெளியே போய்விடும். பச்சை மட்டும் உள்ளே வரும். இதிலும் ஒரு சிக்கல். எண்ணெய்ப் படலத்தைச் சாய்ந்து பார்த்தால் நிறம் மாறுவதுபோல், வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால் வடிகட்டியின் எல்லை நகர்ந்துவிடும். ஜன்னல் எப்போதும் தலைக்கு மேலேயே இருப்பதில்லையே. வளைகோட்டுக்கும் உணரிக்கும் எவ்வளவு பிசகு என்பதை அளக்க ஒரு குறியெண்ணும் வைத்திருக்கிறார்கள். ஆய்வகத்து லக்ஸ் மீட்டர்கள் அதில் மிகக் கடுமையான தேர்வு எழுதுகின்றன, போன் சில்லுகள் தேறினால் போதும்.

2014 வாக்கில் வந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓபிடி3001 போன்ற சில்லுகளில் இந்தப் படிப்பு முதிர்ந்து தெரிகிறது. அகச்சிவப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் தள்ளிவிடும். 0.01 லக்ஸ் முதல் 83,000 லக்ஸ் வரை அளக்கும். முழுநிலவின் வெளிச்சம் கால் லக்ஸ் அளவு, அலுவலக மேசை 500, உச்சிவெயில் ஒரு லட்சத்தை ஒட்டி என்று வைத்துப் பார்த்தால் இதன் வீச்சு புரியும். ஒருமுறை அளக்க 100 மில்லிவினாடி எடுத்துக்கொள்ளும். இந்த 100க்கு அர்த்தம் உண்டு. நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், விளக்குகள் வினாடிக்கு நூறு முறை படபடக்கும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், அங்கே நூற்றிருபது. 100 மில்லிவினாடிக்குள் இங்கே சரியாகப் பத்து படபடப்பு, அங்கே பன்னிரண்டு. எந்த நாட்டிலும் மிச்சம் விழாது. நம் கண் அந்தப் படபடப்பைக் காண்பதில்லை. ஆகவே இதுவும் காணக்கூடாது.

கையடக்கக் கருவிகளுக்குள் இது நுழைந்ததற்குப் பேட்டரிதான் காரணம். திரையின் வெளிச்சம்தான் பெருந்தீனி. 2003 ஜனவரியில் ஆப்பிள் அறிமுகம் செய்த 17 அங்குல பவர்புக்கில், இருட்டியதும் விசைப்பலகைக்கு அடியில் விளக்கேற்றும் வேலை ஒளியுணரிக்குக் கிடைத்தது. 2007 ஜனவரியில் முதல் ஐபோனைக் காட்டியபோது ஸ்டீவ் ஜாப்ஸ் எடுத்துச் சொன்ன மூன்று உணரிகளில் ஒன்று இது. பிறகு பெரும்பாலான போன்களிலும் வந்துவிட்டது.

போனுக்குள் போனதும் புதுத் தொல்லை, வடிவமைப்பாளர்கள் உருவில். போன் முகப்பில் ஓட்டை தெரியக்கூடாது என்பது அவர்கள் கட்சி. திரையைச் சுற்றியுள்ள கறுப்பு, கண்ணாடிக்குப் பின்னால் அச்சிட்ட மை. உணரிக்கு நேரே மையில் ஒரு துளை விட வேண்டும். அந்தத் துளை வெளியே தெரியாதிருக்க, அதன்மேல் வெளிச்சத்தைக் கொஞ்சமே விடுகிற அடர்ந்த மை ஒன்றைப் பூசுகிறார்கள். நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிற இந்த மையில் அகச்சிவப்பு தாராளமாக உள்ளே போகும். எதைக் காணாதே என்று அரும்பாடுபட்டுப் பழக்கினார்களோ அதையே வடிகட்டி எடுத்து ஊட்டுகிற சன்னல். மேலே சொன்ன ஓபிடி3001 சில்லின் கையேட்டிலேயே, அழகுக்காகக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க நேர்ந்தால் கணக்குப் பிசகாதிருக்கவே இவ்வளவு கடுமையான அகச்சிவப்புத் தடுப்பு என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது, டெம்பர் கிளாஸ் தம்பி என் போனுக்குச் செய்தது அந்த வடிவமைப்பாளர்கள் செய்வதன் நீட்சிதான் என்று தோன்றிக் கோபம் குறைந்தது.

எண் சரியாக வந்துவிட்டால் மட்டும் போதாது, அதை என்ன செய்வது என்று தெரிய வேண்டும். 10 லக்ஸ் 20 ஆனால் கண்ணுக்குப் பெரிய மாற்றம். 10,000 லக்ஸில் பத்து கூடினால் யாருக்குத் தெரியும்? ஆகவே மடங்குக் கணக்கில் நடக்க வேண்டும். அவசரப்படவும் கூடாது. இரவுப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போன் பார்க்கிறவர்மேல் ஒவ்வொரு தெருவிளக்காக வெளிச்சம் விழுந்து விழுந்து நகரும். ஒவ்வொன்றுக்கும் திரை ஏறி இறங்கினால் தலைவலிதான். இருட்டு வந்தால் நிதானமாக இறங்க வேண்டும். வெயில் வந்தால் சட்டென்று ஏறலாம். எனக்குப் பிடித்த வெளிச்சம் உங்களுக்குப் பிடிக்காது என்பது வேறு. 2018இல் ஆண்ட்ராய்டு 9, டீப்மைண்ட் ஆய்வகத்தோடு சேர்ந்து, நாம் கையால் நகர்த்துவதைக் கவனித்துக் கற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சில நூறு அமெரிக்கர்களின் கண்ணில் தொடங்கிய கணக்கு, கடைசியில் தனியொரு ஆளின் விருப்பத்துக்கு வந்து நிற்கிறது. என் போன் இன்னும் கற்றுக்கொண்டேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நடுவில் நிறமும் வந்து சேர்ந்தது. 2016இல் 9.7 அங்குல ஐபேட் புரோவில் நான்கு அலைவரிசை ஒளியுணரிகளை வைத்து, அறையின் விளக்கு மஞ்சளானால் திரையின் வெள்ளையும் சற்று மஞ்சளாகும்படி செய்தார்கள். பிறகு போன்களில் விளிம்பே மறைந்து, முகம் முழுக்கத் திரையாகிவிட்டது. உட்கார இடமில்லாமல் உணரி ஓஎல்இடி திரைக்கு அடியிலேயே போய்ப் படுத்துக்கொண்டது. தலைக்கு மேல் விளக்குகள் எரிந்துகொண்டிருக்க, வெளியே எவ்வளவு வெளிச்சம் என்று சொல்ல வேண்டும். திரை ஓயாமல் அணைந்து எரிகிறது, நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். அந்த அணைந்த நொடித்துணுக்குகளில் மட்டும் கண்ணைத் திறந்து பார்த்துக்கொள்கிறது. கல்யாண வீட்டில் நாதஸ்வரம் மூச்சு வாங்கும் இடைவெளியில் பந்திக்கு ஆள் கூப்பிடுகிறவரைப் போல.

இவ்வளவு பழக்கியும் ஓர் இடத்தில் அது நம் கண் ஆகவில்லை. நிலவொளிக்கு இறங்கியதும் நம் விழிக்குள் வேறு செல்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. கூர்மையின் உச்சம் 555இலிருந்து 507க்கு, நீலப்பச்சைப் பக்கம் நகர்கிறது. செம்பருத்தி கறுத்துப்போய் அதன் இலை வெளுத்துத் தெரிவது அதனால்தான். சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 1951இல் இதற்கும் தனியாக ஒரு கோடு போட்டது. சில்லோ அமாவாசையிலும் பகல் கண்ணையே வைத்திருக்கிறது.

கேமராவுக்கு அனுமதி கேட்கிறது போன், மைக்குக்குக் கேட்கிறது. ஆண்ட்ராய்டில் ஒளியுணரிக்கு எந்தச் செயலியும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒற்றை எண்ணில் என்ன ரகசியம் இருந்துவிடப் போகிறது? 2024 ஜனவரியில் எம்ஐடி ஆய்வாளர்கள் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் பதில் சொன்னார்கள். பெரிய சாம்சங் டேப்லெட் ஒன்றின் திரையையே விளக்காக்கி அதில் வெவ்வேறு ஒளிக்கோலங்களைக் காட்டினார்கள். திரைக்கு மேல் ஒரு கை. எந்தக் கோலத்துக்கு உணரியின் எண் எவ்வளவு மாறியது என்பதைக் குறித்துக்கொண்டே போய், அந்த எண்களிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, கையின் உருவத்தை வரைந்து காட்டினார்கள். ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள் பிடித்தது, படமும் கலங்கல்தான். ஆனால் விரல்கள் என்ன செய்கின்றன என்று தெரிந்தது.

கேஸ் விளக்கின் முன்னால் வில்லோபி ஸ்மித் நீட்டிய கையின் நிழல் அன்று நூற்றுக்கு இருபது என்று மட்டும் தெரிந்தது. எம்ஐடிக்காரர்கள் சொன்ன பரிகாரங்களில் ஒன்று: இந்தக் கண்ணை இன்னும் மங்கலாக்குங்கள், எண்ணை இவ்வளவு நுட்பமாகவும் இவ்வளவு விரைவாகவும் சொல்லவிடாதீர்கள்.